அறுபதுக்குக் கீழே இறங்காமல்

ஜனவரி 19

ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். தேதி, என்ன உணவு, எத்தனை மணிக்கு இறக்கியது, இறக்கும்போது சூடு எவ்வளவு, வார்டில் கொடுக்கும்போது எவ்வளவு. மூன்று வேளையும் எழுத வேண்டும். முன்பக்கங்கள் அவர்களுக்கு. பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷமாகத் தொழிற்சாலையில் லாக் புக் எழுதிய கை. வெற்றுப் பக்கத்தைப் பார்த்தால் சும்மா இருப்பதில்லை.

நோயாளி: மங்கையர்க்கரசி, வயது நாற்பத்து மூன்று, முசிறியில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் மனைவி. அவளுடைய எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டது. தங்கை திலகவதியின் மஜ்ஜை முழுக்கப் பொருந்துகிறதாம். அதை ஏற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் மருந்து கொடுத்து இவளுடையதைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். புதியது முளைக்கும் வரை உடம்பில் எதிர்ப்பு சக்தி என்று ஒன்று இருக்காது. நாம் தினமும் தின்று செரிக்கிற கிருமிகூட அவளுக்கு ஆகாது.

அதனால் உணவுக்கு விதிகள். அப்போது சமைத்தது மட்டும். நடுப்பகுதி எழுபத்தைந்து டிகிரிக்கு ஏற வேண்டும். வார்டு வாசலில் கொடுக்கும்போது அறுபதுக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. தயிர், சட்னி, பச்சை வெங்காயம், பழம் எதுவும் கிடையாது.

திலகாதான் போன் செய்து கூப்பிட்டாள். "நானும் படுக்கணும். அக்காகூட உள்ள இருக்கவும் நான்தான். சமைக்க வேற ஆள் இல்ல மாமா, அதான் கூப்பிடறேன்." அந்த 'அதான்' கொஞ்சம் அழுத்தமாக வந்தது. நான்கு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னை வந்தேன். மாற்றலாகி ஓசூர் போய் நான்கு வருஷமாகத் தனியாகப் பொங்கித் தின்கிறவன். சமையல் வரும்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மாடியில் இரண்டு அறை. நடந்தால் பதினாலு நிமிஷம்.

ஜனவரி 20

கம்பியில்லாத தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். பேனா நீளத்தில் எஃகுக் குச்சி. வைப்பதற்கு ஒரு சின்னப் பெட்டி, அதில் வைத்தால் சார்ஜ் ஏறிக்கொள்கிறது. குச்சியை உணவில் செருகிவிட்டால் சூடு எத்தனை என்று போனில் ஓடுகிறது. தொழிற்சாலையில் என் வேலையே சூடு அளக்கிற கருவிகளைச் சரிபார்ப்பது. அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் ஐஸ் தண்ணீரில் வைத்தேன்: 0.3. கொதிக்கிற தண்ணீரில்: 99.6. நம்பலாம்.

பிரஷர் குக்கருக்குள் வைக்கக் கூடாது. எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினால் சிக்னல் போய்விடுகிறது. ஆகவே பிளாஸ்டிக் மூடி போட்ட ஹாட் பாக்ஸ். குச்சியை உணவோடு உள்ளேயே விட்டு மூடிவிட்டால் வார்டு வரைக்கும் சூட்டைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அறுபதில் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

வார்டு சிஸ்டர் ஜெபமணி அவரும் பார்க்க வேண்டும் என்றார். ஆப்பின் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திலகாவிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 22

காலை இட்லி, பருப்புத் தண்ணீர். இறக்கும்போது 86, வாசலில் 72. சிஸ்டர் குச்சியை உருவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வார்டுக் கதவு வரைக்கும்தான் எனக்கு அனுமதி. உள்ளே ஒரே ஒரு ஆள், அது திலகா. தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் வரிசை இருக்கிறது. மாலை நாலிலிருந்து ஐந்து வரை சொந்தக்காரர்கள் வெளியே நின்று பார்க்கலாம், பேசுவதற்கு இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன்.

"நாலு மணிக்கு வாங்க மாமா. அக்கா முழிச்சுத்தான் இருக்கும்."

"பாக்கறேன்."

நாலு மணிக்கு ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்க வேண்டும்.

ஜனவரி 25

மருந்து ஏறுகிறது. வாந்தி. அரை இட்லி.

நாலு மணிக்குப் பாத்திரங்களை எல்லாம் வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 28

இன்றைக்கு ஆஸ்பத்திரிக் கணக்கில் பூஜ்யம் நாள். நேற்றும் இன்றும் திலகாவைப் படுக்கவைத்து ரத்தத்திலிருந்து மஜ்ஜை அணுக்களைப் பிரித்து எடுத்தார்கள். தக்காளி ரசத்தின் நிறத்தில் ஒரு பையாம். மத்தியானத்துக்குள் சொட்டுச் சொட்டாக முழுதும் மங்கைக்கு ஏறிவிட்டது. இனிமேல் நாட்களை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். நூறு வரை எண்ணினால் வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

திலகாவுக்கு இடுப்பெலும்பெல்லாம் வலி. இங்கே வந்து படுத்திருக்கிறாள். மிளகு போட்டு முட்டை வறுத்துக் கொடுத்தேன். முழுதும் சாப்பிட்டாள். தட்டை வைக்கும்போது, "நல்லாத்தான் செய்யறீங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரல். "அக்காகூட இருந்தப்ப ஒரு நாளாச்சும் அடுப்பு பக்கம் போயிருப்பீங்களா?"

"இல்ல."

"ம்."

ஜனவரி 30

மதியம் கோழி போட்ட கஞ்சி. குச்சியைக் கறித்துண்டின் நடுவில் செருகியிருந்தேன். 74 வந்ததும் தட்டை மூட எடுத்தேன். போனில் ஒரு மெசேஜ்.

'இன்னும் ஒரு டிகிரி.'

மங்கை.

சிஸ்டருக்குக் கொடுத்த சீட்டு இவள் கைக்குப் போயிருக்கிறது. படுக்கையில் கிடந்தபடி என் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக அவளைப் பார்த்தது ஒன்றரை வருஷம் முன்பு, ஒரு கல்யாணத்தில். 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டாள், 'ஆச்சு' என்றேன். அதற்குப் பிறகு இன்றுதான் ஒரு வார்த்தை. 78 ஆனதும் '78' என்று அனுப்பினேன்.

பிப்ரவரி 1

கணக்கு டீச்சரிடம் எதையும் மறைக்க முடியாது. மதியம் பெட்டியைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது:

'ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி இறங்குது. தினமும் 72ல வருவீங்க. இன்னிக்கு 68. எட்டு நிமிஷம் எங்க நின்னீங்க?'

'லிப்டில் கூட்டம்' என்று போட்டேன்.

கிழக்குப் பக்கம், நாலாவது மாடி, இடமிருந்து ஏழாவது ஜன்னல் என்று திலகா சொல்லியிருந்தாள். தெருவிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் வெயில்தான் தெரிகிறது.

பிப்ரவரி 2

மூன்று வேளையும் 72. எங்கும் நிற்கவில்லை.

பிப்ரவரி 5

காய்ச்சல் 103. வாயெல்லாம் புண். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. சாப்பாடு கொண்டுவர வேண்டாம், எல்லாம் ஊசி வழியாகத்தான் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். வந்து சேரும்போது 59. மணி அடித்தது.

பிப்ரவரி 6

காலை ஏழரைக்குக் கஞ்சி வைத்தேன். பழக்கம். குச்சியையும் போட்டேன். 80 வரை ஏறியது. இறக்கினேன். மதியமும் அப்படியே.

துணி எடுக்க வந்த திலகா அடுப்பைப் பார்த்தாள்.

"யாருக்கு மாமா இது?"

"சும்மாதான்."

"அக்காவுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல. நீங்க பாட்டுக்குக் கஞ்சி வச்சிட்டிருக்கீங்க!" குரல் உடைந்துவிட்டது. "போன வருஷம் பூரா தனியா பஸ் புடிச்சு, தனியா ரத்தம் ஏத்திக்கிட்டு வந்துச்சு. அப்ப எங்க போச்சு இந்தக் கஞ்சி?"

போன வருஷம் முழுக்க ரத்தம் ஏற்றியது எனக்குத் தெரியாது. இன்றுதான் தெரியும்.

கஞ்சியை நானே குடித்தேன்.

பிப்ரவரி 8

காய்ச்சல் இறங்கவில்லை. மருந்து மாற்றியிருக்கிறார்கள். வெள்ளணு பூஜ்யம்.

திலகா மதியம் வந்து வாசலிலேயே நின்றாள். முகமூடியைக் கழற்றவில்லை.

"அக்கா யார்கூடவும் பேசல மாமா. ரெண்டு நாளா போனை மூஞ்சிக்கு நேரா புடிச்சிட்டே கெடக்கு. படம் எதுவும் பாக்குதோன்னு எட்டிப் பாத்தேன்." முகமூடியைச் சரிசெய்தாள். "வெறும் நம்பர். நாப்பது, அம்பது, அறுபதுன்னு ஏறுது. எண்பது வந்தப்புறம்தான் கண்ணை மூடுச்சு."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ராத்திரிக்கும் வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 9

நாலு மணிக்குப் போனேன்.

ஏழாவது ஜன்னலில் மொட்டை அடித்த ஒரு சின்னப் பெண் சுருண்டு படுத்திருந்தது. இடம் மாறிவிட்டது என்று அடுத்த ஜன்னலுக்குப் போனேன். அந்தப் படுக்கை காலி. திரும்பி வந்து மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

காது மட்டும் அவளுடையது. வலது காதுமடலில் கம்மல் இழுத்துக் கிழிந்து தைத்த வடு. கல்யாணம் ஆன வருஷம், பஸ்ஸில் முந்தானை மாட்டி இழுத்தது. நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

தூங்கிக்கொண்டிருந்தாள். பேசுகிற போனை எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை என்பதால் ஒரு சத்தமும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஜெபமணி வந்து, "அஞ்சு ஆயிடுச்சு சார்" என்றார்.

பிப்ரவரி 12

காய்ச்சல் இல்லை. இரண்டு ஸ்பூன் கஞ்சித் தண்ணீர், 82 / 71. முன்பக்கத்தில் ஆறு நாளுக்குப் பிறகு ஒரு வரி எழுதினேன்.

பிப்ரவரி 15

வெள்ளணு இருநூறு. திலகாவின் மஜ்ஜை வேர் பிடித்துவிட்டதாம். திலகா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "ஒங்களைத் திட்டணும்னு நெனைச்சதுல பாதிகூடத் திட்டல" என்றாள், அழுதுகொண்டே. "மீதியும் திட்டு" என்றேன்.

பிப்ரவரி 18

ஆயிரத்து நானூறு.

பிப்ரவரி 20

இன்று ஒரு வேளை உணவு கெட்டது. என் தவறு. எழுதி வைக்கிறேன்.

காலை சேமியா உப்புமா. இறக்கும்போது 84. தெருமுனை தாண்டியபோது மெசேஜ்.

'ஒண்ணு கேக்கலாமா?'

'கேள்.'

'ஓசூர் மாத்தல் அவங்க போட்டதா, நீங்க கேட்டதா?'

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன்.

இந்த நோட்டில் முதல் நாள் 'மாற்றலாகி' என்றுதான் எழுதியிருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். நடந்தது வேறு. குழந்தைக்காகத் திருச்சியில் இரண்டு தடவை சிகிச்சை எடுத்தோம். முதல் தடவை நிற்கவே இல்லை. இரண்டாவது தடவை நின்றது, ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போய் வந்தாள், சமைத்தாள், பேப்பர் திருத்தினாள். சில நேரம் சமையலறையில் ஒன்றும் செய்யாமல் நிற்பாள். நான் உள்ளே வந்தால் முகம் கழுவப் போய்விடுவாள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை. ஓசூரில் இடம் காலி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, 'மாத்தல் போட்டுட்டான்' என்றேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக் கொடுத்தாள். முதலில் வாரா வாரம் வந்தேன். அப்புறம் மாதம் ஒரு தடவை. அப்புறம் பொங்கல், தீபாவளி. அப்புறம் அதுவும் இல்லை.

'நான் கேட்டது' என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

'தெரியும். அந்த வருஷமே தெரியும். உங்ககூட வேலை பாத்த ரெங்கராஜன் சார் வீட்டம்மா சொன்னாங்க. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்.'

பதிலுக்கு ஏதோ எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். நான்கு பஸ் வந்து போயிருக்கும். ஹாட் பாக்ஸ் மடியில் இருந்தது. மணி அடித்தபோதுதான் பார்த்தேன்: 60. நாற்பது நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளும் பார்த்திருக்கிறாள்.

'ஆறிப்போச்சு. போய் வேற செஞ்சு எடுத்துட்டு வாங்க. பசிக்குது.'

பசிக்கிறது என்று ஒரு மாதமாக அவள் சொன்னதில்லை. ஓட்டமாகப் போய் ரவையை வறுத்தேன். 88 / 75. முழுதும் சாப்பிட்டாளாம்.

பிப்ரவரி 26

மங்கையை இங்கே அழைத்து வந்தோம். இருபத்தொன்பதாம் நாள். நூறு வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். படிகளைத் திலகாவின் தோளைப் பிடித்து ஏறினாள். நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். நான் இரண்டு படி கீழே, பின்னால், கையை நீட்டியபடி வந்தேன். விழவில்லை.

மேலே வந்ததும் முகமூடிக்கு மேல் என்னைப் பார்த்தாள்.

"இளைச்சுட்டீங்க."

"நீயா சொல்றது?"

சிரித்தாள் என்று நினைக்கிறேன். முகமூடி.

உள்ளறை அக்காவுக்கும் தங்கைக்கும். நான் அடுப்பு இருக்கிற அறையில்.

மார்ச் 11

எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறதாம். மாத்திரை விழுங்குவதைப் போல விழுங்குகிறாள். ருசி எப்போது வரும் என்று டாக்டரைக் கேட்டேன். சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் என்றார்.

இப்போது அவள் பத்தடி தூரத்தில் இருக்கிறாள். போனில் நம்பர் பார்க்கத் தேவையில்லை. மெசேஜும் இல்லை. இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. 'மாத்திரை போட்டாச்சா', 'போட்டாச்சு'. நாலாவது மாடியில் இருந்தபோது அதிகம் பேசினோம்.

மார்ச் 30

மதியம் கீரை கடைந்து வைத்தேன். ஒரு வாய் வைத்தவள் அப்படியே நிறுத்தினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"என்ன அக்கா, குமட்டுதா?" என்று திலகா கிண்ணத்தை எடுக்கப் போனாள்.

"உப்பு ஜாஸ்தி" என்றாள் மங்கை.

திலகா என்னைப் பார்த்தாள், நான் திலகாவைப் பார்த்தேன். நானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

"ஜாஸ்திதான்" என்றேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17

பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று திலகா கரூரில் தன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பத்து நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

மங்கைக்கு முடி அரையங்குலம் வளர்ந்திருக்கிறது. அறைக்குள்ளேயே சுவருக்குச் சுவர் நடக்கிறாள், ஒரு நாளைக்கு நானூறு நடை. மனசுக்குள் எண்ணுகிறேன் என்கிறாள், உதடு அசைகிறது. நான் வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு நானும் எண்ணுவேன். இன்று அவள் முந்நூற்று எண்பதோடு நிறுத்தினாள்.

"இன்னும் இருபது" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். வந்து மீதி இருபதையும் நடந்தாள். கடைசியில் என் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, தரையில் உட்கார்ந்தாள். உரித்த பூண்டை எடுத்து வரிசையாக அடுக்கினாள்.

"ஒன்பது வாரம்னா எம்புட்டு இருக்கும் தெரியுமா?" என்றாள். "இந்தப் பூண்டுப் பல்லைவிடக் கொஞ்சம் பெருசு. டாக்டரம்மா சொன்னாங்க."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு ஒங்ககிட்ட சொல்லணும்னு நெனைச்சேன். நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

"இப்பச் சொல்லு."

சொன்னாள். பொழுது சாயும் வரை சொன்னாள். அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

ஏப்ரல் 18

காலை தோசை. 91. மூன்று சாப்பிட்டாள்.

அவள் அறையில் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இன்னும் இருபது நாள். அதற்குப் பிறகு இந்தச் சத்தம் முசிறியில் கேட்கும்.

மே 8

நூறாம் நாள். டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகலாம், மாதம் ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார். சட்னி சாப்பிடலாமா என்று மங்கை கேட்டாள். வதக்கி அரைத்தால் சாப்பிடலாமாம்.

சாயங்காலம் திலகா கடைக்குப் போனபோது மங்கை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஓசூருக்கு எப்ப போகணும்?"

"லீவு இருபதாம் தேதி வரைக்கும் இருக்கு. இருபத்தொண்ணு சேரணும்."

"நாங்க நாளைக்குக் கிளம்பறோம். அப்ப நடுவுல பதினோரு நாள்."

"ஆமா."

இன்னும் இரண்டு புடவை மடித்தாள்.

"வாங்கன்னு நான் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

"சரி."

"கோவத்துல சொல்லல. போங்கன்னும் நான் சொன்னதில்ல. அன்னைக்கு நீங்களா முடிவு பண்ணிப் போனீங்க. அதனால இப்பவும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மே 9

கார் காலை ஆறரைக்கு வந்தது. பாத்திர மூட்டை, மருந்துப் பெட்டி, இரண்டு சூட்கேஸ், எல்லாவற்றையும் இறக்கி டிக்கியில் வைத்தேன். என் பை கையில் இருந்தது. அக்காவும் தங்கையும் பின்சீட்டில் ஏறினார்கள். டிரைவர், "சார், கதவைச் சாத்திடலாமா?" என்றார்.

மங்கை முன்னால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திலகா என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், அக்கா அவள் முழங்கையைத் தொட்டதும் மூடிக்கொண்டாள்.

முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

விழுப்புரம் தாண்டியது. அப்புறம் பின்னாலிருந்து மங்கையின் குரல். "பையைக் கீழ வைங்க. எம்புட்டு நேரம் சொமப்பீங்க."

மே 12

முசிறி. வாசலில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து தூரத்தில் நின்று டீச்சரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கிட்டே விடக் கூடாது. ஜன்னல் வழியாகவே அவர்களிடம் பொதுத்தேர்வு மார்க்கை விசாரித்தாள்.

வீட்டில் ஒன்றும் மாறவில்லை. என் சட்டைகள் மட்டும் பீரோவில் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்குப் போயிருக்கின்றன. தூக்கிப் போடவில்லை.

கூடத்தில் படுக்கிறேன்.

மே 15

திலகா கரூர் போய்விட்டாள். பஸ் ஏறும்போது, "போன் பண்ணுவேன் மாமா. எடுக்கறது நீங்களா இருந்தா நல்லது" என்றாள்.

மே 18

ஆற்றங்கரைப் பக்கம் போய் நின்று ஓசூர் மேனேஜருக்குப் போன் செய்தேன். திருச்சியிலேயே பழைய இடத்துக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"என்ன காரணம் தணிகாசலம்? போன தடவை நீங்கதானே கேட்டு வந்தீங்க?"

"ஆமா சார். தப்பாக் கேட்டுட்டேன்."

அங்கே இப்போது இடம் இல்லை, எட்டு மாதமும் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார். அதுவரை ஓசூரில்தான் இருந்தாக வேண்டும்.

"அப்படின்னா என்னை விடுவிச்சிருங்க சார்."

யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். இருபத்திரண்டு வருஷம். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவள்மேல் ஒரு பாரத்தை வைத்த மாதிரி ஆகிவிடும்.

மே 20

பையை எடுத்துத் துடைத்துப் பரண்மேல் போட்டேன். அவள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள்.

மே 21

காலை ஐந்தரைக்கு ஓசூர் பஸ். எனக்கு ஐந்துக்கே விழிப்பு வந்துவிட்டது. படுத்தே கிடந்தேன். உள்ளறையில் அவளும் விழித்திருந்தாள், கட்டில் சத்தம் கேட்டது. ஆறு மணி ஆயிற்று. ஆறரை. எழுந்து பால் வாங்கி வந்து காய்ச்சினேன்.

காபியை வாங்கிக்கொண்டாள். காலண்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். திருச்சிப் பக்கம் சின்னதாக ஏதாவது தேட வேண்டும் என்றேன். அவள் காபியை முழுதும் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அரிசி டப்பாவைத் திறந்தாள்.

"நாளைக்கு இட்லிக்கு ஊறப் போடறேன்" என்றாள், முதுகைத் திருப்பிக்கொண்டே. "சாயங்காலம் ஆட்டணும். கிரைண்டர் கல்லு என்னால தூக்க முடியாது."

"நான் தூக்கறேன்."

நாலு மணிக்குத் தூக்கி வைத்தேன்.